ஒரு போனஸ் பட்டியலும் இரண்டு பேரும்

மொரிசியஸில் டிசம்பர் மாதம் சம்பளப் பிரிவில் இருப்பவர்களிடம் யாரும் வம்பளக்கப் போவதில்லை. ஊரே ‘பதின்மூன்றாம் மாதம்’ என்று சொல்லும் ஆண்டு இறுதி போனஸைக் கணக்கிட வேண்டிய மாதம் அது. ஆண்டு முழுவதும் ஈட்டியதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதில் 75 சதவீதம் டிசம்பர் 25க்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே கையில் சேர்ந்துவிட வேண்டும் என்பது சட்டம். நடுவில் சேர்ந்தவர், விட்டுப் போனவர், ஓவர்டைம், சம்பளமில்லா விடுப்பு என்று ஒவ்வொரு வரிக்கும் ஒரு கதை உண்டு.

எபேனில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இந்தப் பட்டியல் ஒரே ஒரு எக்ஸெல் கோப்பு. ஏறக்குறைய முன்னூறு வரி. சரிபார்ப்பதற்கு இரண்டு பேர்: நானும், ரோஸ் ஹில்லில் இருந்து வரும் ஓர் அக்காவும். ஒரு டிசம்பரில், காலை ஒன்பது பத்துக்கு அக்கா கோப்பைத் திறந்தார். ஒன்பதரைக்கு நான் திறந்தபோது, வேறொருவர் இதில் வேலை செய்கிறார், படிக்க மட்டும் திறக்கலாம் என்று ஒரு பெட்டி வந்தது. எனக்கோ அவசரம். படிக்க மட்டும் திறந்து, அதையே ஒரு நகலாகச் சேமித்து, பதினாலு பேருக்கு விடுப்புக் கழிவைத் திருத்தினேன். பதினோரு மணிக்கு அக்கா கோப்பை மூடிவிட்டார் என்று தெரிந்ததும், என் நகலைப் பழைய பெயரிலேயே பழைய இடத்தில் போட்டேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றிவிடவா என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

ஒன்பதரைக்குப் பிறகு அக்கா செய்த திருத்தம் அத்தனையும் அந்த ஒரு ‘ஆமா’மில் போய்விட்டது. சாப்பாட்டு வேளை முடிந்ததும் அவர் மேசையில் இருந்து குரல் வந்தது. “கிசான்லா ஃபின் சான்ஸ் சா?” யார் இதை மாற்றியது என்று கிரியோலில் பொதுவாகக் கேட்டவர், என் முகத்தைப் பார்த்ததும் பள்ளியில் படித்த தமிழுக்கு மாறினார். “தம்பி, நீயா?”

நடந்ததில் எந்தப் பிழைச் செய்தியும் கிடையாது, எந்த நிரலும் படுத்துவிடவில்லை. பூட்டு பூட்டியது, கேட்க வேண்டிய கேள்வியையும் கணினி கேட்டது. தரவுத்தளம் படித்தவர்கள் இதை ‘லாஸ்ட் அப்டேட்’ என்பார்கள், அதாவது தொலைந்துபோன திருத்தம். இரண்டு பேரும் ஒரே நிலையில் இருந்து தொடங்குகிறார்கள், தனித்தனியாக மாற்றுகிறார்கள், கடைசியில் சேமித்தவருடையது மட்டும் நிற்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுதியதால் இந்தச் சேதம் வந்தது என்று அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் நான் பதினோரு மணிக்கு மேலே போட்டது ஒன்பதரை மணிப் பட்டியல். அது பழையது என்று எனக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான். பொதுக் கோப்புகளில் நடக்கும் முட்டல்களைத் துருவிப் பார்த்தால் பெரும்பாலும் இதேதான் கிடைக்கும்: ஒருவர் கையில் பழசாகிப்போன நகல்.

இதைத் தடுக்க முதலில் வந்த வழி பூட்டு. ஒருவர் எடுத்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். நிரல் எழுதுபவர்களுக்கு 1970களிலேயே இந்தப் பிரச்சினை வந்துவிட்டது. 1982இல் வால்டர் டிக்கி உருவாக்கிய ஆர்சிஎஸ் என்ற கருவியில், மாற்ற விரும்புபவர் கோப்பைத் தன் பெயரில் பூட்டி எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். நூலகத்தில் புத்தகம் எடுப்பது போலத்தான். அலுவலகச் சர்வரில் கிடக்கும் எக்ஸெல் கோப்பும் ஏறக்குறைய அதையே செய்கிறது. நீங்கள் திறந்தவுடன் அதே ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிக் கோப்பு உண்டாகும். அதன் பெயர் ஓர் அலைக்கோட்டிலும் டாலர் குறியிலும் தொடங்கும், உள்ளே உங்கள் பெயர் இருக்கும். அடுத்தவர் திறக்கும்போது ‘இன்னார் வைத்திருக்கிறார்’ என்று வரும் செய்தி அதைப் படித்துத்தான் வருகிறது. மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் இந்தக் குட்டிக் கோப்பு அழியாமல் அப்படியே கிடந்துவிடும். அப்புறம் விடுமுறையில் ஊருக்குப் போனவர் கோப்பைத் திறந்து வைத்திருப்பதாக ஒரு வாரத்துக்குச் செய்தி வந்துகொண்டே இருக்கும். உண்மையாகவே யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு அதை அழித்துவிட்டால் பேய் போய்விடும்.

பூட்டின் குறை எல்லோருக்கும் தெரிந்ததே. பூட்டியவர் சாப்பிடப் போய்விடுவார். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் என்னைப் போல நகல் எடுப்பார். பூட்டு இல்லாத இடத்தில் அப்பாவித்தனமாக நடக்கும் தவறு, பூட்டு உள்ள இடத்தில் தெரிந்தே நடக்கிறது.

இதற்கு மாற்று வழி ஒரு நேரக்கணக்குச் சிக்கலில் இருந்து பிறந்தது. 1984-85இல் ஆம்ஸ்டர்டாமில் டிக் க்ரூன் என்ற ஆசிரியர் இரண்டு மாணவர்களோடு ஒரு கம்பைலர், அதாவது நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருள், எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகிறவர். இன்னொருவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. க்ரூனுக்கோ மாலையில்தான் நேரம். இப்படிப்பட்ட மூன்று பேரைப் பூட்டுப் போட்டு வரிசையில் நிறுத்த முடியுமா? ஆளுக்கொரு நகலை எடுத்துக்கொண்டு தனித்தனியாகத் திருத்தட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் எழுதிய சிறு நிரல்கள்தான் 1986இல் சிவிஎஸ் என்ற பெயரில் வெளியே வந்தன. இன்று நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட் 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதுவும் இந்த எண்ணத்தில்தான் நிற்கிறது.

சேர்ப்பது என்றால் எப்படி? இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அலுவலகக் கோப்புகளுக்கும் பொருந்தும். உங்கள் நகலையும் என் நகலையும் மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு வரி வேறுபடுகிறது என்று தெரியுமே தவிர, யார் மாற்றினார் என்று தெரியாது. உங்களிடம் 18,400 ரூபாய், என்னிடம் 17,900. நீங்கள் கூட்டினீர்களா, நான் குறைத்தேனா? மூன்றாவதாக, நாம் இருவரும் தொடங்கிய பழைய மூலம் வேண்டும். மூலத்தில் 18,400 என்று இருந்தால் மாற்றியது நான். என் மாற்றத்தை எடுத்துக்கொள்ளலாம். மூலத்தில் 18,000 இருந்தால் இருவருமே மாற்றியிருக்கிறோம். அதுதான் அசல் முட்டல், அதைக் கருவி தீர்க்காது, கொடியைக் காட்டிவிட்டு நிற்கும். அன்றைய போனஸ் பட்டியலை நாங்கள் மீட்டதும் இப்படித்தான். முந்தின இரவு சர்வர் எடுத்துவைத்த பிரதிதான் மூலம். என் நகல் இருந்தது. அக்காவின் நகல்தான் இல்லை. ஆனால் அவர் பழைய கால ஆள். பட்டியலை அச்செடுத்து, திருத்திய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் குறி போட்டு வைத்திருந்தார். மாலை ஆறு மணிக்கு அந்தக் காகிதம்தான் எங்களைக் காப்பாற்றியது.

இப்போது பலர் கேட்பார்கள்: கூகுள் டாக்ஸ், ஒன்டிரைவ் எல்லாம் வந்த பிறகு இந்தக் கதை எதற்கு என்று. நியாயமான கேள்வி. தூரத்தில் இருக்கும் இரண்டு பேர் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யலாம் என்று டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் செய்து காட்டினார். ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு, பூட்டே இல்லாமல், அடிக்கும் எழுத்து அப்போதைக்கப்போதே மற்றவருக்கும் போய்ச் சேரும் முறையை எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் 1989இல் எழுதினார்கள். அதன் சாரத்தை ஓர் உதாரணத்தில் சொல்லிவிடலாம். ஒரு வரியில் 20ஆம் இடத்தில் உள்ள எழுத்தை நீங்கள் அழிக்கிறீர்கள். அதே நொடியில் நான் வரியின் தொடக்கத்தில் ஐந்து எழுத்து சேர்க்கிறேன். உங்கள் கட்டளை ‘20ஆம் இடத்தை அழி’ என்றே என் கணினிக்கு வந்தால், வேறு எழுத்து போய்விடும். எனவே கணினி என் ஐந்தைக் கூட்டிக்கொண்டு, ‘25ஆம் இடத்தை அழி’ என்று மாற்றிப் படிக்கிறது. கூகுள் டாக்ஸின் அடியில் ஓடுவது இந்தக் கணக்குதான். நூறு பேர் வரை ஒரே ஆவணத்தில் எழுத முடிகிறது.

ஆனால் எழுத்து இடம் மாறாமல் இருப்பது வேறு, அர்த்தம் மாறாமல் இருப்பது வேறு. கோவில் அழைப்பிதழ் ஒன்றை இரண்டு பேர் திருத்துகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் தேதியைப் புதன் என்பதில் இருந்து வியாழன் ஆக்குகிறார். இன்னொருவர் அதே நேரத்தில் கீழே ‘மறுநாள் அன்னதானம்’ என்று புதனை மனதில் வைத்து எழுதுகிறார். இரண்டும் அழகாகச் சேரும். ஒரு சிவப்புக் கோடுகூட வராது. அன்னதானம் மட்டும் ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும். எக்ஸெல்லில் இன்னும் மோசம். ஒரே கட்டத்தில் இருவர் எண் போட்டால் கடைசியில் போட்டவருடையது நிற்கும், முன்னவருக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்று, இந்தச் சேர்ந்தெழுதும் வசதி எல்லாக் கோப்புக்கும் கிடைப்பதில்லை. எங்கள் போனஸ் கோப்பு அலுவலகச் சர்வரில் கிடந்தது. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடங்களான ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்ட்டிலோ இருந்தால்தான் எக்ஸெல்லில் சேர்ந்து எழுதலாம். கோப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வகையாக இருக்கக் கூடாது. கணினியில் நிறுவிய எக்ஸெல் என்றால் தானாகச் சேமிக்கும் ஆட்டோசேவ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். முக்கியமாக, திறப்பதற்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் சேர்ந்து எழுத முடியாது, பழையபடி பூட்டுதான். சம்பளக் கோப்புக்குத்தானே எல்லோரும் கடவுச்சொல் போடுகிறோம்! ரகசியம் காக்கப் போட்ட பூட்டு, கூடி வேலை செய்வதைக் கெடுத்துவிடுகிறது. கோப்புக்குக் கடவுச்சொல் போடுவதை விட்டுவிட்டு, அது இருக்கும் ஃபோல்டரை யார் யார் பார்க்கலாம் என்று வரையறுப்பது நல்லது.

இணையம் அறுந்தால் நாம் 1984க்கே திரும்பிப் போகிறோம். இங்கே அதற்குப் புயல் போதும். 2024 ஜனவரி 15 திங்கட்கிழமை பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரி நாட்களில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறோம். ஒருவர் வீட்டில் கரண்ட் இருக்கும், இணையம் இருக்காது. அவர் மடிக்கணினியில் இருக்கும் பிரதியில் உட்கார்ந்து கடமையே கண்ணாக வேலை செய்வார். இரண்டு நாள் கழித்து இணையம் வந்ததும், டிராப்பாக்ஸ் என்றால் அவர் பெயரோடு ‘முரண்பட்ட நகல்’ என்று ஒரு தனிக் கோப்பை உண்டாக்கி வைக்கும். ஒன்டிரைவ் என்றால் கணினியின் பெயரை வாலாக ஒட்டி இன்னொரு கோப்பு கிடக்கும். இவை பிழைகள் அல்ல. ‘என்னால் முடிவெடுக்க முடியவில்லை, நீங்களே பாருங்கள்’ என்று கருவி நேர்மையாகச் சொல்கிறது. நாம்தான் அதைக் குப்பை என்று நினைத்துத் திறந்தும் பார்க்காமல் அழித்துவிடுகிறோம். வேர்ட் ஆவணமாக இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டும் வசதி அதிலேயே இருக்கிறது. அழிக்கும் முன் ஐந்து நிமிடம் செலவழிக்கலாம்.

சத்தமில்லாமல் நடக்கும் முட்டல் இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். இந்தத் தீவில் ஒருவர் கணினி ஆங்கில அமைப்பில் இருக்கும், பக்கத்து மேசைக்காரர் கணினி பிரெஞ்சு அமைப்பில் இருக்கும். பிரெஞ்சில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. ஆயிரத்து ஐந்நூறு என்று நினைத்து நான் வாட்ஸப்பில் அனுப்பும் 1,500 என்பதை அவர் அப்படியே எடுத்து ஒட்டினால், அவருடைய எக்ஸெல் ஒன்றரை என்று படிக்கும். கோப்பைப் பகிர்ந்தால் இந்தச் சிக்கல் இல்லை, உள்ளே எண் எண்ணாகவே இருக்கும். எண்ணை எழுத்தாகப் பகிரும்போதுதான் வம்பு. இரண்டாவது தமிழ் எழுத்துரு. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த அறிவிப்பில், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறிகள்; தமிழ் என்பது வெளித்தோற்றம். தமிழ் படிக்கத் தெரியாத ஒரு சக ஊழியர், அலங்காரத்துக்காக ஆவணம் முழுவதையும் ஒரே எழுத்துருவுக்கு மாற்றுவார். தமிழ்ப் பகுதி முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். யாரோ தவறாக அடித்துவிட்டார்கள் என்று அடுத்தவர் அதை அழித்தும் விடுவார். தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறிகள் உள்ள யூனிகோடில் அடிப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

வரிசைப்படுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். பொது ஷீட்டில் நீங்கள் பெயர்வாரியாக வரிசையை மாற்றினால், எல்லோர் திரையிலும் மாறும். வேலை செய்துகொண்டிருந்தவர் வரி காலடியில் இருந்து நழுவிவிடும். உங்களுக்கு மட்டும் வடிகட்டிப் பார்க்க எக்ஸெல்லில் ஷீட் வியூவும் கூகுளில் ஃபில்டர் வியூவும் இருக்கின்றன. தெரியாமல்தான் யாரும் பயன்படுத்துவதில்லை.

பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தானிலும் கவனம் வேண்டும். காலையில் யாரோ கெடுத்துவிட்டார்கள் என்று நேற்றைய பதிப்பை அப்படியே மீட்டால், இன்று எட்டு பேர் செய்த வேலையும் சேர்ந்து பின்னால் போகும். அந்தப் பழைய பதிப்பைத் திறந்து, வேண்டிய பத்து வரியை மட்டும் நகலெடுத்து ஒட்டுவதே மேல்.

எவ்வளவு கருவி வந்தாலும், யார் சொல் கடைசிச் சொல் என்பதைக் கருவி சொல்லாது. மொரிசியஸ்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1998 நவம்பரில் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில், ஆங்கிலத்துக்கு அடுத்து வழக்கமாக வரும் தமிழ் மூன்றாவது இடத்துக்குப் போயிருந்தது. இங்குள்ள தமிழர்கள் கொதித்துப் போனார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, அடுத்த ஆண்டு பழைய வரிசையோடு மறுபடி அச்சாகி வந்தன. எழுத்து ஒன்றும் தொலையவில்லை, வரிசை மட்டும்தான் மாறியது. ஆனாலும் அதை யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்பதுதான் கேள்வியாக இருந்தது. அலுவலகக் கோப்பிலும் பெரிய சண்டைகள் அங்கேதான் வருகின்றன: ‘என் பத்தியை ஏன் கேட்காமல் மாற்றினாய்?’

ஆகவே நான் கருவியைவிடப் பங்கீட்டை நம்புகிறேன். தைப்பூசக் காவடிக்கு எங்கள் கோவில் குழு ஒரு பொது ஷீட் வைத்திருக்கிறது. வாழையிலையில் ஏழு கறி பரிமாற வேண்டும். யார் பூசணி, யார் பலாக்காய், யார் ரசத்துக்குப் புளி என்று நாற்பது குடும்பம் போனிலேயே எழுதும். முதல் ஆண்டு ஒரே கட்டத்தில் பெயரை அழித்து அழித்து எழுதி, பூசணி மூன்று மடங்கு வந்தது, புளி வரவே இல்லை. இப்போது ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி. தன் வரியில் மட்டும் எழுதலாம், மற்ற வரிகள் பூட்டியிருக்கும். மொத்தம் எவ்வளவு என்பதைக் கடைசிக் கட்டம் தானே கூட்டிக்கொள்ளும். அடுத்தவர் எழுதியதில் ஐயம் என்றால் தொட வேண்டாம், பக்கத்தில் ஒரு குறிப்பு விடலாம். காவடிக்கு மூன்று நாள் முன்னால் ஷீட்டை மூடிவிடுவோம். அதற்கு அப்புறம் மாற்றம் என்றால் குழுச் செயலாளருக்குப் போன்.

அலுவலகத்திலும் பிறகு அதையே செய்தோம். மாற்றுவதற்கு ஷீட்டில் ஒரு தனி நெடுவரிசை, அதில் யார் எதற்கு மாற்றினார்கள் என்று இரண்டு சொல். எழுத்து வரிசையில் பாதிப் பேர் அக்காவுக்கு, பாதிப் பேர் எனக்கு. மாலை நாலு மணிக்குமேல் யாரும் எழுதுவதில்லை, சரிபார்ப்பு மட்டும். கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவதை நிறுத்தி, அது இருக்கும் இடத்துக்கு இணைப்பை மட்டும் அனுப்பினோம். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ எல்லாம் அதோடு ஒழிந்தன.

அக்கா மட்டும் இன்னும் அச்செடுக்கிறார். “இதெல்லாம் சரி தம்பி, அந்தச் சிவப்புப் பேனாவை எங்கே வச்சே?” என்று டிசம்பர் வந்தால் கேட்பார். போன முறை நானும் என் பாதியை அச்செடுத்துக்கொண்டேன்.